குதிரை நடந்த பாதையில் அப்பாவும் நானும்: டான்யூப் கரையில் ஒன்பது நாள் சைக்கிள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிட்டு, கேட்பதற்கு இருந்ததைப் படிப்பதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கோம்.)

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். இது ஃபிட்னஸ் எபிசோட் இல்லை. நான் ஒன்பது நாளில் ஓட்டின தூரத்தை ஒழுங்கான சைக்கிள்காரர் யாராவது கேட்டா சிரிப்பாங்க. சுமார் 320 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஈசிஆர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்புகிற கூட்டம் இதை ரெண்டு வாரக் கடைசியில் முடிச்சிடும்.

ஆனா இந்த ஒன்பது நாளில் எனக்கு ஒரு கேள்வி கிடைச்சது. கேட்டது நான் இல்லை, எங்க அப்பா. ரெண்டாம் நாள் காலையில், ஆற்றோரமா ஓட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, இந்த ரோட்டை எதுக்குடா போட்டாங்க?"

கொஞ்சம் பின்னாடி போவோம். நான் இப்போ மியூனிக்கில் வேலை பார்க்கிறேன்னு பழைய நேயர்களுக்குத் தெரியும். போன ஜூலையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க. அப்பாவுக்கு 63 வயசு. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் பக்கத்தில் எங்க ஊரிலிருந்து பேங்க்குக்கு எட்டு கிலோமீட்டர், காவிரிக் கரையோடயே சைக்கிளில் போய் வந்தவர். அது 27 வருஷம். அப்புறம் ஸ்கூட்டர் வாங்கினார், சைக்கிள் திண்ணைக்குப் போயிடுச்சு, கடைசியில் பழைய இரும்புக்கும் போயிடுச்சு. இங்க வந்து ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சலிச்சுப்போய், "எங்கேயாவது போலாமாடா"ன்னார். நான் டான்யூப் சைக்கிள் பாதையைச் சொன்னேன். அம்மா உடனே, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, எனக்கு நாலு நாள் நிம்மதி"ன்னாங்க.

ஆமாம், என் திட்டம் நாலு நாள்தான். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். எக்ஸெல் ஷீட்டெல்லாம் போட்டு வெச்சிருந்தேன்.

பாதையைப் பற்றி. டான்யூப் ஜெர்மனியின் தென்மேற்கில் கருங்காடு மலையில் பிறந்து, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி, ருமேனியாவில் கருங்கடலில் சேருது. ஜெர்மன்காரங்க அதை டோனாவ் என்பாங்க. அதன் கரையோடு சைக்கிள் பாதை நீண்டுக்கிட்டே போகுது. அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரைக்கும் போகிற யூரோவீலோ 6 என்கிற நீளமான சைக்கிள் வழியில் இது ஒரு பகுதி. அந்த முழு நீளத்தில் கூட்டம் அதிகம் வருகிற துண்டு, ஜெர்மனி எல்லையில் இருக்கிற பாஸாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வரைக்கும். இதைத்தான் நாங்க ஓட்டினோம்.

ஏன் இந்தத் துண்டு? மூணு காரணம் சொல்வாங்க. ஒண்ணு, சரிவு. ஆறு ஓடுகிற திசையிலேயே ஓட்டறோம். பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் ஆற்று மட்டத்தில் வித்தியாசம் சுமார் 130 மீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. சொல்லப்போனா சமதரைதான், ஆனா தப்பித் தவறி இருக்கிற சாய்வு நமக்குச் சாதகம். ரெண்டு, காற்று. அங்க பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், முதுகுக்குப் பின்னால். மூணு, ரயில். ஆற்றோரம் பல ஊர்களில் ஸ்டேஷன் இருக்கு. முடியலைன்னா சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து ஏறிடலாம். வயசானவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகும்போது மூணாவது காரணம்தான் முதல் காரணம்.

பாஸாவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். அங்கேயே முதல் சண்டை. கடைக்காரப் பையன் அப்பாவுக்கு நடுவில் பார் இல்லாத சைக்கிளைக் கொடுத்தான். அப்பா முகம் மாறிடுச்சு. "லேடீஸ் சைக்கிள் எனக்கு வேணாம்னு சொல்லு." நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பையன் ஒண்ணும் பேசாம கடை வாசலைக் காட்டினான். அங்கே எழுபது வயசு தாத்தாக்கள் நாலு பேர், எல்லாரும் பார் இல்லாத சைக்கிள். பின்னாடி கேரியரில் ரெண்டு பக்கமும் பை தொங்கும்போது காலைச் சுழற்றி ஏற முடியாது, பை இடிக்கும், சைக்கிள் சாயும். அதனால் தாழ்வான ஃபிரேம். அவ்வளவுதான் விஷயம். அப்பா அரை மனசா ஏறினார்.

அடுத்த நிமிஷமே இறங்கினார், கீழே விழாத குறையா. அங்க பல சைக்கிளில் பின்பக்கமா மிதிச்சா பிரேக் பிடிக்கும். நம்ம ஊரில் நிற்கும்போது பெடலைச் சும்மா பின்னாடி சுத்தி வாகா வெச்சுக்குவோமே, அது அங்க முடியாது. நாற்பது வருஷப் பழக்கம் காலில் இருக்கிற மனுஷனுக்கு இது பெரிய கஷ்டம். போதாததுக்கு வண்டி வலது பக்கம் போகணும். அப்பா முதல் ஒரு மணி நேரம் எதிரே யார் வந்தாலும் இடது பக்கம் ஒதுங்கினார். எத்தனை பேர் பெல் அடிச்சாங்கன்னு கணக்கு வெச்சுக்கலை.

பாஸாவைப் பற்றி ஒண்ணு சொல்லணும். அங்க மூணு ஆறு கூடுது. தெற்கே ஆல்ப்ஸ் மலையிலிருந்து பச்சையாக இன், வடக்கிலிருந்து கருப்பாக இல்ட்ஸ், நடுவில் டான்யூப். கூடுகிற இடத்தில் நின்னா கொஞ்ச தூரத்துக்கு நிறம் கலக்காமல் தனித்தனியா ஓடுறதைப் பார்க்கலாம். சராசரியா பார்த்தா அங்க டான்யூபைவிட இன் ஆற்றில்தான் தண்ணி அதிகம், ஆனா பேர் டான்யூபுக்குப் போயிடுச்சு. நகராட்சிக் கட்டடச் சுவரில் வெள்ளம் வந்த மட்டத்தையெல்லாம் வருஷம் போட்டுக் கோடு கிழிச்சு வெச்சிருக்காங்க. 2013 ஜூனில் தண்ணி 12.89 மீட்டர் வந்தது. 1501-க்கு அப்புறம் அவ்வளவு உயரம் வந்ததே இல்லை. அப்பா கோட்டுக்கு அடியில் நின்னு அண்ணாந்து பார்த்தார். கரையோர ஊர்க்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் 80 கிலோமீட்டர் திட்டம் 38-ல் முடிஞ்சது. காரணம் முழங்கால் இல்லை, உட்காருகிற இடம். பதினோரு வருஷம் சைக்கிள் ஏறாதவர் சீட்டில் நாலு மணி நேரம். ஒரு விடுதியில் அறை எடுத்து, அவர் குப்புறப் படுத்துக்கிட்டே, "நீ வேணா போடா, நான் ரயில்ல வந்துடறேன்"ன்னார். அன்னிக்கு ராத்திரி எக்ஸெல் ஷீட்டை அழிச்சேன். மேனேஜருக்கு மெசேஜ் போட்டு இன்னும் சில நாள் லீவு கேட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது, அதுக்கு மேல கிடையாது. மணிக்கு 12 கிலோமீட்டர் போனா மிதிக்கிற நேரம் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஜூலையில் ராத்திரி ஒன்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கு. மிச்ச நேரம் முழுக்க நிற்கிறதுக்கு. நிதானமான சைக்கிள் பயணம்னு சொல்றது இந்தக் கணக்குதான். மெதுவா மிதிக்கிறது அதில் பாதி, நிறைய தடவை இறங்குறது மீதி.

ரெண்டாம் நாள்தான் அந்தக் கேள்வி வந்தது. ஷ்லோகன் என்கிற இடத்துக்குப் பக்கத்தில் டான்யூப் கொண்டை ஊசி மாதிரி முழுசாத் திரும்புது. கெட்டியான பழைய பாறை. நிலம் தட்டையா இருந்த காலத்தில் ஆறு சோம்பேறித்தனமா வளைஞ்சு ஓடியிருக்கு, அப்புறம் நிலம் மேலே எழும்ப எழும்ப அந்த வளைவிலேயே கீழே அறுத்துக்கிட்டு இறங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் செங்குத்தான காடு. கார் ரோட்டுக்கு இடமில்லாத இடங்கள்கூட இருக்கு. ஆனா தென்கரையில் நம்ம பாதை மட்டும் தண்ணியை ஒட்டி, மலையின் காலடியில், ஒரே மட்டமா போயிட்டே இருக்கு. வடகரையில் ஒரு துண்டுக்கு அதுவும் இல்லை; சைக்கிளைப் படகில் ஏத்தி அந்த வளைவைத் தாண்டணும்.

அங்கதான் அப்பா கேட்டார், இந்த ரோட்டை எதுக்குடா போட்டாங்கன்னு.

"சைக்கிளுக்குத்தான்பா. டூரிஸம்."

"சைக்கிளுக்காக எவனாவது மலையை வெட்டுவானா?"

நான் பதில் சொல்லலை. ராத்திரி தேடிப் பார்த்தேன். அப்பா சரி.

இந்தப் பாதைக்கு ஆஸ்திரியாவில் ட்ரெப்பல்வெக்னு ஒரு பழைய பேர் இருக்கு. கப்பல் இழுக்கிற பாதை. யோசிச்சுப் பாருங்க, நீராவி இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி, ஆற்றோடு கீழே போறது சுலபம். துடுப்பு போட்டுக்கிட்டு மிதந்து போயிடலாம். சில படகுகளைத் திரும்பிக் கொண்டுவரவே மாட்டாங்க, போன ஊரில் பிரிச்சு மர விலைக்கு வித்துடுவாங்க. ஆனா சரக்கு மேலேயும் வரணுமே? கீழே ஹங்கேரியிலிருந்து தானியம், ஒயின் எல்லாம் ஓட்டத்துக்கு எதிரா எப்படி வரும்? கரையில் குதிரைகள் நடந்து, நீளமான கயிறு கட்டி இழுக்கணும். பெரிய தொடர் படகுகளுக்கு நாற்பது, ஐம்பது குதிரைகள்கூடப் பூட்டியிருக்காங்க. வாரக்கணக்கில் நடை. பாறை குறுக்கே நின்னா குதிரைகளை எல்லாம் படகில் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி இழுக்கணும். நீரோட்டம் படகைப் பிடிச்சு வெடுக்னு இழுத்தா குதிரையும் மேலே இருக்கிறவனும் சேர்ந்து ஆற்றில்.

இப்போ அந்த வேலைக்குப் பாதை எப்படி இருக்கணும்னு யோசிங்க. தண்ணியை விட்டு விலகக் கூடாது, கயிறு எட்டாது. ஏற்ற இறக்கம் கூடாது, பாரம் இழுக்கிற குதிரை மேடு ஏறாது. கயிறு மாட்டிக்கிற மாதிரி ஆற்றுக்கும் பாதைக்கும் நடுவில் மரம் கூடாது. அதாவது தண்ணிப் பக்கம் திறந்த, சமமான, தொடர்ந்து போகிற ஒரு பாதை. இன்னிக்கு டூரிஸ்ட் கையேடுகளில் சைக்கிள்காரனுக்கு சொர்க்கம்னு எழுதி வெச்சிருக்கிறது எல்லாமே, குதிரைக்காரன் எழுதிக் கொடுத்த ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்.

1829-ல் வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அடுத்த சில பத்தாண்டுகளில் குதிரைகளுக்கு வேலை போச்சு, பின்னாலேயே ரயிலும் வந்தது. பாதை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியா டான்யூபில் வரிசையா நீர்மின் நிலையங்கள் கட்டினாங்க. எல்லையிலிருந்து வியன்னா வரைக்கும் பத்து. அணைக்கு மேலே தண்ணி தேங்குமே, அதைத் தடுக்கக் கரை எழுப்பினாங்க. கரையைப் பராமரிக்க அதன் மேலே வண்டி போகிற தளம் போட்டாங்க. பழைய குதிரைப் பாதை, புதுக் கரைத்தளம், இந்த ரெண்டையும் சேர்த்துத் தைச்சுத்தான் 1980களில் சைக்கிள் பாதைன்னு போர்டு மாட்டினாங்க. நம்ம பாஷையில் சொன்னா லெகஸி கோடு. வேற எதுக்கோ எழுதினது, எழுதினவங்க போயிட்டாங்க, அது இன்னும் ஓடுது.

மறுநாள் காலையில் இதை அப்பாகிட்ட சொன்னேன். "நம்ம ஊர் ஆத்தங்கரை ரோடும் அதானே. பொதுப்பணித்துறை ஜீப் போறதுக்குப் போட்ட கரை. அதுலதான் நான் பேங்க் போனேன்"ன்னு சொல்லிட்டு மிதிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

ஓட்டென்ஸ்ஹைம் என்கிற ஊரில் ஒரு படகு இருக்கு. இன்ஜினியரிங் படிச்ச எல்லாரும் ஒரு தடவை பார்க்கணும். காரையும் ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போகுது, ஆனா இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, பாய்மரம் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி வடம். அதில் உருளை ஓடுது. உருளையிலிருந்து கயிறு இறங்கி படகைப் பிடிச்சிருக்கு, அதனால் நீரோட்டம் படகை அடிச்சுக்கிட்டுப் போக முடியாது. இப்போ படகை ஓட்டத்துக்குச் சாய்வா திருப்பி நிறுத்தினா, தண்ணி அதன் பக்கவாட்டில் மோதுது. மோதுகிற விசையில் ஒரு பங்கைக் கயிறு தாங்கிக்குது, மிச்சப் பங்கு படகைக் குறுக்கே தள்ளுது. உருளை நகருது, படகு அக்கரைக்குப் போகுது. திரும்பி வர, சாய்வை மாத்தினா போதும். முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸில் வெக்டரைப் பிரிக்கச் சொல்லி மார்க் குறைச்சாங்களே, அதேதான். எண்ணெய்ச் செலவு கிடையாது, சத்தம் கிடையாது. நாங்க சும்மாவே ரெண்டு தடவை போய் வந்தோம். இதே மாதிரிப் படகுகள் கீழே வாஹாவ் பள்ளத்தாக்கிலும் ஓடுது.

லின்ஸில் ஒரு நாள் ஓய்வு மாதிரி. அதுக்கு முன்னாடி சில கிலோமீட்டர் பெரிய ரோட்டை ஒட்டியே போகுது, இரைச்சல், நல்லா இல்லை. ஆனா லின்ஸில் ஒரு கதை இருக்கு. கோள்கள் நீள்வட்டத்தில் சுத்துதுன்னு சொன்ன கெப்ளர் 1612-லிருந்து 1626 வரைக்கும் இந்த ஊரில்தான் இருந்தார். 1613-ல் ரெண்டாவது கல்யாணத்துக்கு ஒயின் பீப்பாய் வாங்கினார். வியாபாரி பீப்பாயின் நடு ஓட்டை வழியா ஒரு கோலை விட்டு, எதிர்மூலை வரைக்கும் எவ்வளவு நீளம்னு பார்த்து விலை சொன்னான். கெப்ளருக்குப் பொறுக்கலை. நீளமா ஒல்லியா இருக்கிற பீப்பாய்க்கும் குட்டையா குண்டா இருக்கிறதுக்கும் அந்தக் கோல் ஒரே அளவு காட்டலாமே? உட்கார்ந்து கணக்குப் போட்டு 1615-ல் ஒரு புத்தகமே எழுதிட்டார். அதில் அவர் கண்டது என்னன்னா, ஆஸ்திரியப் பீப்பாயின் வடிவம் ஒரு கோல் நீளத்துக்கு அதிகபட்சக் கொள்ளளவு வருகிற வடிவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கு. அதிகபட்சத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அளவு அவ்வளவா மாறாது. ஆக வியாபாரி ஏமாத்தலை. பிறகு வந்த கால்குலஸுக்கு இந்தக் கல்யாணப் பீப்பாயும் ஒரு முன்னோடி.

லின்ஸுக்கு அடுத்து சுமார் 25 கிலோமீட்டரில் மவுட்ஹவுஸன். ஆற்றோரத்தில் அழகான சின்ன ஊர், கரையில் காபிக் கடைகள், பூத்தொட்டிகள். நான் பார்த்த சில பயணக் குறிப்புகளில் இந்த இடத்தில் ஒரு வரி வரும்: விருப்பமுள்ளவர்கள் நினைவிடத்துக்கு ஏறலாம், ஏற்றம் கடினம். பாதையில் வருகிற நிறைய பேர் ஏறுறதில்லை. நானும் வேணாம்னுதான் நினைச்சேன், அப்பா முழங்காலைச் சாக்கா வெச்சு. அவர்கிட்ட மேலே என்ன இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "தள்ளிக்கிட்டே போலாம்"ன்னார்.

மேலே நாஜிகளின் வதைமுகாம். 1938 ஆகஸ்டில் ஆரம்பிச்சாங்க. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் கருங்கல். அங்க ஏற்கெனவே ஒரு குவாரி இருந்தது, வியன்னா நகராட்சிக்குச் சொந்தம். வியன்னாவின் தெருக்களில் பாவுகிற கல் அங்கிருந்து வந்துகிட்டிருந்தது. எஸ்.எஸ். படை அதை எடுத்துக்கிட்டு, கைதிகளை வெச்சுக் கல் உடைச்சது. ஸ்பெயின் குடியரசுக்காகப் போரிட்டவங்க, போலந்துக்காரங்க, சோவியத் போர்க்கைதிகள், யூதர்கள். குவாரியின் அடியிலிருந்து மேலே 186 படி. அதில் கல்லைச் சுமந்து ஏறணும். இந்த முகாமிலும் இதன் கிளை முகாம்களிலும் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டாங்க. குறைந்தது 90,000 பேர் செத்தாங்க. 1945 மே 5-ல் அமெரிக்கப் படை வந்தது.

அந்த ஒன்பது நாளில் நாங்க ஏறிய ஒரே உண்மையான மேடு அதுதான். மிதிக்க முடியலை, தள்ளிக்கிட்டுத்தான் போனோம். ரயில் ஸ்டேஷனில் இறக்கின கைதிகளை ஊர் வழியாத்தான் மேலே நடத்திக்கிட்டுப் போயிருக்காங்க. வீடுகள், சர்ச், தெரு எல்லாத்தையும் தாண்டி. மேலே குவாரியின் விளிம்பில் நின்னு பார்த்தா கீழே புல் முளைச்சிருக்கு, பறவைச் சத்தம் கேட்குது. ஊர்ப் பக்கம் திரும்பினா தூரத்தில் ஆற்றுச் சமவெளி. அப்பா படியை எண்ண முயற்சி பண்ணினார், பாதியில் விட்டுட்டார். இறங்கும்போது பேசலை. அன்னிக்கு 25 கிலோமீட்டரோட நிறுத்திட்டோம்.

இதை நான் ஏன் நீட்டிச் சொல்றேன்னா, இந்தப் பாதையைப் பற்றி வருகிற ரீல்ஸ் எதிலும் இந்தக் குன்று வர்றதில்லை. திராட்சைத் தோட்டம், கோபுரம், ஒயின் கிளாஸ், அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்தவங்க மனசைக் கெடுத்துக்கணுமான்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா மெதுவாப் போறதே பார்க்கிறதுக்காகன்னா, இங்க மட்டும் வேகத்தைக் கூட்டிக்கிட்டுப் போறது எனக்கு சரியாப் படலை. நீங்க போனா அரை நாள் ஒதுக்கி வைங்க.

அதுக்கப்புறம் கிரைன், மெல்க். மெல்க்கில் பாறை மேலே மஞ்சள் நிறத்தில் பிரம்மாண்டமான மடாலயம். 1089-லிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்க இருக்காங்க; இப்போ நிற்கிற பரோக் கட்டடம் 1702-ல் ஆரம்பிச்சது. அங்கிருந்து கிரெம்ஸ் வரைக்கும் 36 கிலோமீட்டர்தான் வாஹாவ், 2000-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. இந்தத் துண்டில் மட்டும் ஒரு வித்தியாசம் காதில் விழும். தண்ணி சத்தம் போடும். மேலே அணைகளுக்கு நடுவில் ஆறு ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது, இங்க ஓடுது. இங்கேயும் ஒரு அணை கட்டத் திட்டம் இருந்தது, ஊர் மக்கள் எதிர்த்து நிறுத்தினாங்க. வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பர்க்கில் 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் பனியில் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இன்னொரு அணையை நிறுத்தினாங்க. இப்போ அது தேசியப் பூங்கா.

வாஹாவில் எங்க நின்னாலும் கதைதான். வில்லன்டார்ஃபில் 1908-ல் ரயில்பாதை வேலை நடந்தப்போ 11 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண் சிலை கிடைச்சது, வயசு சுமார் 30,000 வருஷம். டூர்ன்ஸ்டைன் கோட்டையில் இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்டு 1192 கடைசியில் சிறை இருந்தார். சிலுவைப் போரிலிருந்து மாறுவேஷத்தில் திரும்பும்போது பிடிபட்டு. ஆனா எங்களுக்கு வாஹாவ்னா ஆப்ரிகாட். ஜூலையில் அறுவடை, வீட்டு வாசலிலேயே கூடை கூடையா விற்கிறாங்க. முழுப் பழத்தை மாவுக்குள் வெச்சு உருட்டி, வேகவெச்சு, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தர்றாங்க. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "பூரணக் கொழுக்கட்டைடா இது"ன்னு இன்னொரு தட்டு சொன்னார். சைவம் சாப்பிடறவங்களுக்கு இந்த வழியில் கொழுக்கட்டையும் சீஸ் நூடுல்ஸும்தான் துணை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிடும், சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்குங்க.

கிரெம்ஸுக்குக் கீழே தென்கரையில் ட்ஸ்வென்டன்டார்ஃப். ஒரு முழு அணுமின் நிலையம், கட்டி முடிச்சது, ஒரு நாள்கூட ஓடலை. 1978 நவம்பர் 5-ல் பொது வாக்கெடுப்பு வெச்சாங்க, 50.47 சதவீதம் வேண்டாம்னு சொன்னது. முடிஞ்சது கதை. புரொடக்‌ஷனுக்குப் போகிற அன்னிக்கு ரத்தான ப்ராஜெக்ட் எனக்கும் உண்டு, ஆனா இந்த அளவில் இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம் வியன்னா. நகரத்துக்குள் பழைய தெரு ஒண்ணில் கருங்கல் பாவியிருந்தது. சைக்கிள் தடதடன்னு ஆடுச்சு. அப்பா இறங்கிட்டார். குனிஞ்சு பார்த்துட்டு, "அங்கேருந்து வந்த கல்லா?"ன்னார். இந்தத் தெருவுக்கு எங்கிருந்து வந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும். தெரியலைப்பான்னேன். அந்தத் தெரு முடியுற வரைக்கும் அவர் தள்ளிக்கிட்டுத்தான் வந்தார்.

சாயங்காலம் ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்துக்கிட்ட ஆற்றைப் பார்க்கப் போனோம். டான்யூப் கரையில் கிலோமீட்டர் பலகைகள் வெச்சிருப்பாங்க. ஒரு விசேஷம், பிறக்கிற இடத்திலிருந்து எண்ணாமல், கருங்கடலில் சேருகிற இடத்திலிருந்து மேலே எண்ணிக்கிட்டு வர்றாங்க. பாஸாவில் 2226 என்கிற அளவில் ஆரம்பிச்சோம், போகப் போக எண் குறைஞ்சுக்கிட்டே வந்தது. பாலத்துக்கிட்ட 1929.

அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கிட்டு நின்னார். "அப்போ கடலுக்கு இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொம்போதா?"

"ஆமாம்பா."

உதடு அசைஞ்சது. பேங்க் கணக்கு. "ஒரு நாளைக்கு நாப்பதுன்னா நாப்பத்தெட்டு நாள் ஆகும். எனக்கு விசா எத்தனை நாள்டா போட்டிருக்கான்?"

அம்மாவுக்கு இன்னும் இதைச் சொல்லலை.